புது வீட்டில் ஒரு பட்டறை: மூட்டை கட்டுவதிலிருந்து முதல் வேலை வரை

வீடு மாறும்போது சமையலறைக்குத் திட்டம் இருக்கும், படுக்கையறைக்குத் திட்டம் இருக்கும். கருவிகள் மட்டும் கடைசி நேரத்தில் கையில் கிடைத்த அட்டைப்பெட்டியில் விழும். ஆனால் புது வீட்டில் முதலில் தேவைப்படுவது அவைதான். கட்டிலைப் பூட்ட வேண்டும், திரைச்சீலைக் கம்பியை மாட்ட வேண்டும், ஒழுகும் குழாயை இறுக்க வேண்டும்.

பட்டறை அமைக்க ஆசைப்படுகிற பலர் இயந்திரத்தை முதலில் வாங்கிவிட்டு, அதை எங்கே வைப்பது, எந்தப் பிளக்கில் சொருகுவது, தூளை என்ன செய்வது என்று பிறகு யோசிக்கிறார்கள். அந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். இடம், மின்சாரம், வெளிச்சம், தூசி, மேசை எல்லாம் முடிந்த பிறகுதான் இயந்திரத்தின் முறை. கீழே உள்ளவற்றையும் அதே வரிசையில்தான் எழுதியிருக்கிறேன். மரவேலையை மனதில் வைத்து எழுதியது. இரும்பு வேலை, எலக்ட்ரானிக்ஸ் செய்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. மூட்டை கட்டும்போது

ஒரு பெட்டியைத் தனியாக எடுத்து வையுங்கள். அதை லாரியில் ஏற்ற வேண்டாம், உங்களோடு வரட்டும். ஸ்க்ரூடிரைவர் செட், கட்டிங் பிளேயர், சுத்தியல், ஆலன் கீ, ஒரு சரிசெய்யும் ஸ்பேனர், அளக்கும் டேப், ரசமட்டம், டெஸ்டர், டார்ச், டெஃப்லான் டேப், இன்சுலேஷன் டேப், கத்தி, பேட்டரி டிரில், அதற்கான பிட்டுகள், கொஞ்சம் ஸ்க்ரூவும் சுவர்த் துளையில் சொருகும் பிளக்கும். முதல் வாரத்தை இது ஓட்டிவிடும்.

மற்றவற்றில் கூர்முனை உள்ளவை முதலில். உளி ஒவ்வொன்றின் முனைக்கும் அட்டையை மடித்து உறை போல ஒட்டுங்கள். இழைப்புளியின் தகட்டை உள்ளே இழுத்துவிடுங்கள். ரம்பத்தின் பல்வரிசைக்கு, பழைய தோட்டக் குழாயை நீளவாக்கில் கீறி மாட்டினால் போதும். மேசை ரம்பம் இருந்தால் வட்டைக் கழற்றுங்கள், அல்லது மேசைக்குக் கீழே முழுக்க இறக்கிவிடுங்கள். நிற்கும் துளையிடும் இயந்திரம் ஆபத்தானது: எடையெல்லாம் தலையில் இருக்கும், வண்டி ஒரு வளைவில் திரும்பினால் சாய்ந்துவிடும். தலையையும் தூணையும் பிரித்துப் படுக்க வைத்துத்தான் ஏற்ற வேண்டும். பிரிக்கும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய போல்ட்டுகளை ஒரு சின்னப் பையில் போட்டு, அந்த இயந்திரத்திலேயே கட்டிவிடுங்கள். "போல்ட்டுகள்" என்று எழுதிய தனிப்பெட்டி கடைசியில் எந்த இயந்திரத்துக்கும் உதவாது.

பெட்ரோல் இயந்திரங்களின் டேங்கைக் காலி செய்துவிட்டு ஏற்றுங்கள். தின்னர், வார்னிஷ், ஸ்பிரே டப்பாக்களை மூடிய வண்டியில் வெயிலில் அனுப்பாதீர்கள். பாதி காலியான டப்பாக்களை இந்தச் சாக்கில் கழித்துவிடலாம், ஆனால் சாக்கடையில் ஊற்றக் கூடாது. லித்தியம் பேட்டரிகளைக் கருவியிலிருந்து கழற்றி, பாதி சார்ஜில், முனைகள் ஒன்றோடொன்று உரசாதபடி வையுங்கள். வார்ப்பிரும்பு மேசைகளுக்கு எண்ணெய் அல்லது மெழுகு தடவிவிட வேண்டும். ஈரக்காற்று பட்டால் துரு சீக்கிரம் பிடிக்கும்.

2. முதல் வாரம்: வீட்டோடு அறிமுகம்

தண்ணீரின் மெயின் வால்வு எங்கே, மெயின் சுவிட்ச் எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். அப்புறம் எம்.சி.பி. (சுமை கூடினால் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒவ்வொன்றையும் அணைத்து, எந்த அறை அணைகிறது என்று பார்த்து லேபிள் ஒட்டுங்கள். இருவர் இருந்தால் சீக்கிரம் முடியும். எந்த லைனில் எவ்வளவு சுமை என்பது தெரியாமல் பட்டறை பற்றிப் பேசவே முடியாது.

வீட்டில் உள்ள குறைகளைப் பட்டியல் போடுங்கள். உரசும் கதவு, ஆடும் கீல், மூடாத இழுப்பறை. இவைதான் உங்கள் பட்டறையின் முதல் வேலைகள்; என்ன கருவி தேவை என்பதையும் இவையே சொல்லிவிடும். மழைக்காலத்தில் உரசுகிற கதவை அவசரப்பட்டு இழைக்காதீர்கள். மரம் ஈரத்தில் உப்பியிருக்கலாம், காய்ந்ததும் இடைவெளி விழும். முதலில் கீலைப் பாருங்கள். ஸ்க்ரூ துளை பெரிதாகி, ஸ்க்ரூ சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அந்தத் துளையில் பசை தடவிய மரச்சிம்புகளை இறுகத் திணித்து, பசை காய்ந்ததும் துருத்துவதைச் சீவிவிட்டு, மெல்லிய துளை போட்டு அதே ஸ்க்ரூவை மாட்டினால் கதவு நேராகிவிடும். பாதி கதவுகளுக்கு இழைப்புளியே தேவைப்படாது.

3. இடம்

தனி அறை, கார் நிறுத்துமிடம், மாடிப்படிக்கு அடியில் உள்ள இடம், மூடிய பால்கனி என்று எதுவும் பட்டறையாகலாம். பரப்பளவைவிட முக்கியமானவை சில உண்டு. 8 அடிக்கு 4 அடி பிளைவுட் பலகை வாசலில் இருந்து அங்கே வரை திரும்பி வர முடியுமா? சுவருக்கு அந்தப்புறம் யார் தூங்குகிறார்கள்? ஜன்னல் உண்டா? தரையில் ஈரம் உண்டா?

தரை ஈரத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. ஏறத்தாழ 45 செ.மீ. சதுரமான பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரத்தையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் விட்டு எடுங்கள். தாளின் அடிப்பக்கம் நீர் கோத்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ ஈரம் தரையிலிருந்து ஏறுகிறது. அப்படிப்பட்ட இடத்தில் மரத்தைத் தரையில் அடுக்கக் கூடாது, இரும்புக் கருவிகளை மூடிய அலமாரியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைக்க வேண்டும்.

மேசை ரம்பத்தில் 8 அடிப் பலகையை நீளவாக்கில் அறுக்க வேண்டுமானால், வட்டுக்கு முன்னால் 8 அடி, பின்னால் 8 அடி இடம் வேண்டும். பெரும்பாலான வீடுகளில் 16 அடிக்கு மேல் நேர்கோடு கிடைக்காது. அதனால் சின்னப் பட்டறைக்கு மேசை ரம்பம் முதல் தேர்வாக இருக்கத் தேவையில்லை. தரையில் கெட்டியான தெர்மோகோல் ஷீட்டை விரித்து, மேலே பிளைவுட்டைப் படுக்க வைத்து, ஒரு நேர்விளிம்பைக் கிளாம்ப் போட்டு, கைவட்ட ரம்பத்தால் அறுத்தால் வேலை சுத்தமாக முடியும். வட்டு பலகையைத் தாண்டிச் சில மி.மீ. மட்டும் இறங்கும்படி ஆழத்தை வைத்தால் ஷீட் பலமுறைக்கு வரும்.

முடிவெடுக்கும் முன் மேசை, அலமாரி, இயந்திரம் ஒவ்வொன்றின் அளவுக்கும் செய்தித்தாளை வெட்டித் தரையில் போட்டு நடந்து பாருங்கள். காகிதத்தில் வரைந்த படம் காட்டாததை இது காட்டிவிடும்: கதவு எங்கே இடிக்கும், நீளப் பலகையைத் திருப்பும்போது எந்தச் சுவரில் முட்டும் என்று.

4. மின்சாரம்

இங்கேதான் பணத்தையும் பொறுமையையும் செலவழிக்க வேண்டும். வயரிங்கை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். என்ன கேட்க வேண்டும் என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

முதலில் கணக்கு. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 1,400 வாட் கைவட்ட ரம்பமும் 1,200 வாட் தூசி உறிஞ்சியும் சேர்ந்து ஓடினால் 2,600 வாட். 230 வோல்ட் உள்ள இடத்தில் இது 11 ஆம்பியரைச் சற்றே தாண்டும். 120 வோல்ட் உள்ள இடத்தில் கிட்டத்தட்ட 22 ஆம்பியர், 15 ஆம்பியர் லைனில் நிற்காது. இது ஓடும்போது இழுக்கிற மின்சாரம் மட்டுமே. மோட்டார் கிளம்பும் கணத்தில் பல மடங்கு இழுக்கும். அதனால்தான் பி வகை எம்.சி.பி. உள்ள லைனில் ரம்பத்தை அமுக்கியதும் டிரிப் ஆகிறது. பி வகை அதன் அளவைப்போல் 3 முதல் 5 மடங்கிலேயே உடனே துண்டிக்கும், சி வகை 5 முதல் 10 மடங்கில். மோட்டார் கருவிகளுக்குப் பொதுவாக சி வகை பொருந்தும். அதற்காக எம்.சி.பி.யின் ஆம்பியரை ஏற்றிவிடக் கூடாது. வயர் தாங்குகிற அளவுக்குத்தான் எம்.சி.பி. போடுவது.

எலக்ட்ரீஷியனிடம் கேட்க வேண்டியவை: இயந்திரத்துக்கு ஒரு லைன், தூசி உறிஞ்சிக்கு இன்னொரு லைன், விளக்குக்குத் தனி லைன். விளக்கு ஏன் தனி என்றால், ரம்பம் டிரிப் ஆகும்போது வட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் அறையும் இருட்டாகக் கூடாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம் வேண்டும், ஏற்கெனவே இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். பிளக் பாயிண்டுகளைத் தரையிலிருந்து 125 செ.மீ. உயரத்துக்கு மேல் வைக்கச் சொல்லுங்கள். 4 அடிப் பலகையைச் சுவரில் சாய்த்தாலும் அவை மறையாது.

அடுத்து எக்ஸ்டென்ஷன். வீட்டுப் பட்டறைகளில் மிகவும் அலட்சியமாக வாங்கப்படும் பொருள் இதுதான். 20 மீட்டர் நீளம், 0.75 சதுர மி.மீ. செம்பு வயர் என்று வைத்துக்கொள்வோம். போக வர 40 மீட்டர், மின்தடை ஏறத்தாழ 0.9 ஓம். 10 ஆம்பியர் ஓடினால் வயரிலேயே 9 வோல்ட் தொலைகிறது, 90 வாட் வெப்பமாகிறது. விரித்துப் போட்டிருந்தால் வெப்பம் காற்றில் போய்விடும். சக்கரத்தில் சுற்றியபடியே வைத்திருந்தால் எல்லாம் உள்ளே தேங்கி, இன்சுலேஷன் உருகி ஒட்டிக்கொள்ளும். அதே நீளத்துக்கு 2.5 சதுர மி.மீ. வாங்கினால் வெப்பம் 30 வாட்டுக்குள் அடங்கும். தடித்ததை வாங்குங்கள், முழுக்க விரித்துப் பயன்படுத்துங்கள். ஓடும்போது வயரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நிறுத்துங்கள்.

5. வெளிச்சம்

வேலை மேசையில் 500 லக்ஸ், அதாவது சதுர மீட்டருக்கு 500 லூமன் ஒளி இருந்தால் கண் நோகாது. 3 மீட்டருக்கு 4 மீட்டர் அறை 12 சதுர மீட்டர். மேசை மட்டத்தில் 6,000 லூமன் வந்து சேர வேண்டும். சுவரும் கூரையும் ஒரு பங்கை விழுங்கிவிடும் என்பதால் 9,000 லூமன் போடுங்கள். 20 வாட் எல்.இ.டி. டியூப் ஒன்று சுமார் 2,000 லூமன் தரும், ஆக நாலைந்து டியூப். உங்கள் தலைக்குப் பின்னால் மாட்டினால் உங்கள் நிழலே நீங்கள் குறித்த கோட்டை மறைக்கும், மேசைக்கு நேர்மேலே மாட்டுங்கள். சுவருக்கும் கூரைக்கும் வெள்ளை அடித்தால் ஒரு டியூப் மிச்சமாகும்.

மலிவான சில எல்.இ.டி.கள் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும். சுற்றும் லேத்தும் டிரில்லும் அந்த வெளிச்சத்தில் நின்றுவிட்டதுபோலத் தோன்றலாம். செல்போன் கேமராவை விளக்குக்கு நேரே பிடித்தால், திரையில் பட்டை பட்டையாக ஓடுவது துடிப்பின் அடையாளம். அந்த விளக்கு வேறு அறைக்குப் போகட்டும்.

6. தூசி

மரத்தூள்தானே என்று விடுகிற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. உலகச் சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 1995-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்தது. மூக்கையும் சைனஸையும் தாக்குகிற வகை. தரையில் குவிகிற சீவல் பெரிய பிரச்சினை இல்லை, துடைப்பத்துக்கு வந்துவிடும். உப்புத்தாள் கிளப்புகிற, கண்ணுக்குத் தெரியாத மாவுதான் மணிக்கணக்கில் காற்றில் மிதந்து நுரையீரலுக்குள் இறங்குகிறது. எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) அறுத்தால் நிலைமை இன்னும் மோசம், அதன் பசையில் பொதுவாக ஃபார்மால்டிஹைடும் இருக்கும்.

தூள் பிறக்கும் இடத்திலேயே அதைப் பிடிப்பதுதான் உருப்படியான வழி. உப்புத்தாள் இயந்திரத்தின் பின்வாயில் தூசி உறிஞ்சியின் குழாயை மாட்டுங்கள். இடையில் ஒரு சுழல் பிரிப்பான் டப்பா வைத்தால் தூளில் பெரும்பகுதி அதிலேயே விழுந்துவிடும், ஃபில்டர் சீக்கிரம் அடைக்காது. ஜன்னலில் வெளியே தள்ளும் ஃபேன் இருந்தால் நல்லது. அதற்கும் மேல் மாஸ்க்: என்95 அல்லது எஃப்எஃப்பி2. இயந்திரத்தை நிறுத்தியதும் மாஸ்க்கைக் கழற்றுகிறார்கள், அது தவறு. தூசி அப்போதும் காற்றில்தான் இருக்கிறது. துடைப்பத்தால் பெருக்கினால் அடங்கியதும் மறுபடி கிளம்பும், உறிஞ்சியால் எடுங்கள் அல்லது ஈரத்துணியால் துடையுங்கள். பட்டறை வீட்டுக்குள் இருந்தால் கதவின் அடியில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள், வேலைத் துணியோடு சோஃபாவில் உட்காராதீர்கள்.

இரும்பை கிரைண்டரில் தேய்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது: மரத்தூள் நிரம்பிய உறிஞ்சியை ஒருபோதும் கிரைண்டருக்கு மாட்டாதீர்கள். உள்ளே போகிற ஒரு தீப்பொறி வெளியே தெரியாமல் கனன்றுகொண்டிருந்து, நீங்கள் தூங்கப் போன பிறகு பற்றும். இரும்பு வேலையை முடிந்தவரை வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

7. வேலை மேசை

மேசைதான் பட்டறை. அது ஆடினால் எந்த விலையுயர்ந்த கருவியும் ஒழுங்காக வேலை செய்யாது. விற்பனைக்குக் கிடைக்கும் மடக்கு மேசைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரே ஒரு 18 மி.மீ. பிளைவுட் பலகையும் கொஞ்சம் சட்டமும் இருந்தால் நல்ல மேசை செய்துவிடலாம்.

உயரம் முதலில். நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டு இருக்கும் உயரம் பொதுவான வேலைக்குச் சரி. இழைப்புளி அதிகம் ஓட்டுபவர் சில செ.மீ. தாழ்த்தலாம், உடல் எடை மேலிருந்து இறங்கும். சால்டரிங் போன்ற நுணுக்க வேலைக்கு 10 முதல் 15 செ.மீ. உயர்த்த வேண்டும், இல்லையென்றால் முதுகு பேசும்.

பலகையின் அளவு 244-க்கு 122 செ.மீ. அதில் 150 செ.மீ. நீளத்தில் 60 செ.மீ. அகலத் துண்டுகள் இரண்டு பக்கம் பக்கமாக வரும். இரண்டையும் ஒட்டினால் 36 மி.மீ. தடிமனுள்ள மேல்பலகை. மிச்சம் ஏறத்தாழ 94-க்கு 122 செ.மீ. அதில் மேசைக்கு அடியில் ஒரு தட்டு எடுக்கலாம், இன்னும் மீதி இருக்கும். வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேலை இருக்கிறது.

ஒட்டும்போது பலகை முழுவதும் மரப்பசையைப் பரப்பி, அடிப்பக்கத்திலிருந்து 20 செ.மீ. இடைவெளியில் 30 மி.மீ. ஸ்க்ரூ போடுங்கள். 36 மி.மீ.க்கு மேல் நீளமானால் மேலே எட்டிப் பார்க்கும். கீழ்ப்பலகையில் மட்டும், ஸ்க்ரூ தாராளமாக நுழைகிற அளவுக்கு முன்கூட்டியே துளை போட வேண்டும். அப்படிப் போடாவிட்டால் ஸ்க்ரூவின் புரி இரண்டு பலகையையும் ஒரே சமயத்தில் கவ்விக்கொள்ளும். நடுவில் இருக்கும் நூலளவு இடைவெளி எவ்வளவு இறுக்கினாலும் மூடாது. துளை தாராளமாக இருந்தால் ஸ்க்ரூவின் தலை கீழ்ப்பலகையை மேல்பலகையோடு இழுத்து ஒட்ட, ஓரத்தில் பசை மணிமணியாகப் பிதுங்கும். அது தெரிந்தால் சரியாக ஒட்டியிருக்கிறது. வைஸ் (மரத்தைக் கவ்விப் பிடிக்கும் கருவி) மாட்டப்போகிற இடத்தில் ஸ்க்ரூ போட வேண்டாம்.

கால்களுக்கு 9 செ.மீ. சதுரச் சட்டம் போதும். கிடைக்காவிட்டால் மெல்லிய சட்டங்கள் இரண்டை ஒட்டிக்கொள்ளலாம். கால்களை இணைக்க போல்ட் போடுங்கள், ஆணி வேண்டாம். மரம் காயக் காய இணைப்பு தளரும், போல்ட்டை மறுபடி இறுக்கலாம், அடுத்த வீடு மாறும்போது பிரிக்கவும் செய்யலாம். பக்கவாட்டு ஆட்டத்தை நிறுத்துவது சட்டத்தின் தடிமன் அல்ல. பின்பக்கம் ஒரு பிளைவுட் துண்டை அடித்தாலோ குறுக்காக ஒரு சட்டம் போட்டாலோ ஆட்டம் நின்றுவிடும். மேல்பலகை இரு ஓரத்திலும் கால்களைத் தாண்டி 10 செ.மீ.க்கு மேல் நீண்டிருக்கட்டும், கிளாம்ப் மாட்ட வசதி. அடித்தட்டில் கனமான பெட்டிகளை ஏற்றிவிட்டால் மேசை நகராது.

8. சுவர்

தினமும் எடுக்கிற கருவி கண்ணுக்குத் தெரிய வேண்டும், மற்றதெல்லாம் மூடிய அலமாரிக்குள். 18 மி.மீ. பிளைவுட் பட்டையை 45 டிகிரி சாய்வில் நீளமாக இரண்டாக அறுத்து, ஒன்றைச் சுவரிலும் மற்றதைக் கருவித் தட்டின் முதுகிலும் மாட்டினால், தட்டை எங்கே வேண்டுமானாலும் தூக்கி மாட்டலாம். சுவர்ப் பட்டையின் சாய்வு சுவரை நோக்கி இறங்க வேண்டும், அப்போதுதான் எடை கூடக் கூடத் தட்டு சுவரோடு ஒட்டும். துளையிடும் முன் பிளக் பாயிண்டுக்கும் குழாய்க்கும் நேர் மேலே, நேர் கீழே உள்ள இடத்தைத் தவிருங்கள். வயரும் குழாயும் பெரும்பாலும் அந்த வழியில்தான் ஓடும். வாடகை வீடென்றால் சுவரைத் தொடாமல், மேசையின் பின்கால்களிலேயே ஒரு பலகையை நிறுத்திக்கொள்ளலாம்.

9. தீ, சத்தம், கை

பலவகைத் தீக்கும் உதவும் ஏ.பி.சி. வகைத் தீயணைப்பானை வாசலுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள், மூலையில் அல்ல. தீயைத் தாண்டிப் போய் எடுக்க முடியாது. ஆளி விதை எண்ணெய் தடவித் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது வெப்பம் உண்டாகிறது, சுருட்டிய துணியில் அது வெளியேற வழியில்லை. வெளியே ஒற்றையாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள். பேட்டரியை இரவு முழுக்கச் சார்ஜில் விட வேண்டாம், மரத்தூள் படியும் இடத்திலும் சார்ஜ் செய்ய வேண்டாம்.

காது விஷயத்தில் 85 டெசிபல் வரை ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். கைவட்ட ரம்பம் 100 டெசிபலை எளிதாகத் தொடும், அங்கே வரம்பு 15 நிமிடம்தான். காது மூடியை ரம்பத்தின் கைப்பிடியிலேயே தொங்கவிட்டால் மறக்காது. சுற்றும் வட்டுக்கும் டிரில்லுக்கும் பக்கத்தில் துணிக் கையுறை போடாதீர்கள், இழுத்துக்கொள்ளும்.

10. கருவி, அப்புறம் முதல் வேலை

இப்போது வாங்கலாம். அளக்க ஒரு நல்ல டேப், மூலைமட்டம்; பிடிக்க வைஸும் நாலைந்து கிளாம்ப்பும்; அறுக்கக் கைரம்பம்; மூன்று உளிகள்; தீட்டுக்கல்; இழைப்புளி; பேட்டரி டிரில். மின்கருவியில் முதல் பணம் கைவட்ட ரம்பத்துக்கும் தூசி உறிஞ்சிக்கும். மற்ற இயந்திரங்களை, அது இல்லாமல் ஒரு வேலை நின்ற பிறகு வாங்குங்கள். உளியை மலிவாக வாங்கினாலும் தீட்டுக்கல்லை நல்லதாக வாங்குங்கள். மூலைமட்டத்தையும் வாங்கும்போதே சோதிக்கலாம்: நேரான விளிம்பில் வைத்து ஒரு கோடு போட்டு, மட்டத்தைப் புரட்டி அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் பிரிந்தால் மட்டம் பொய் சொல்கிறது.

புது மேசையில் முதல் வேலை, மரத்தை அணைத்துப் பிடித்து அறுக்க உதவும் ஒரு சின்னப் பலகை. மீந்த பிளைவுட்டில் 25-க்கு 20 செ.மீ. துண்டு ஒன்று வெட்டுங்கள். ஒரு ஓரத்தில் அடிப்பக்கம் ஒரு சட்டத்துண்டு, எதிர் ஓரத்தில் மேல்பக்கம் இன்னொன்று. அடிச்சட்டம் மேசை விளிம்பில் மாட்டிக்கொள்ளும், மேல்சட்டத்தில் மரத்தை அணைத்துப் பிடித்துக் கைரம்பத்தால் அறுக்கலாம். மேல்சட்டம் விளிம்புக்குச் சரியான செங்கோணத்தில் இருக்கிறதா என்று மூலைமட்டத்தால் பார்த்து ஒட்டுங்கள், பசையால் மட்டும், ஸ்க்ரூ வேண்டாம். ரம்பம் நாளடைவில் அதைத் தின்றுகொண்டே போகும், ஸ்க்ரூ இருந்தால் பல் உடையும். முழுக்கத் தேய்ந்ததும் இன்னொரு துண்டு வெட்டிக்கொள்ளலாம், பலகை இன்னும் மீதி இருக்கும்.